ஹெட்போன் இணையவில்லை என்றால் எங்கிருந்து தொடங்குவது?

வயரில்லா ஹெட்போன் இணையவில்லை என்று யாராவது என்னிடம் கொண்டுவந்து நீட்டினால், அதைக் கையில் வாங்குவதற்கு முன்பே நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தக் கைப்பேசியோடு இது ஏற்கெனவே வேலை செய்திருக்கிறதா, அல்லது இதுதான் முதல் முறையா? கேட்பதற்கு அற்பமாகத் தோன்றினாலும், பதிலைப் பொறுத்துச் செய்ய வேண்டிய வேலை அடியோடு மாறிவிடுகிறது. புதிதாக அறிமுகமாகும் இரண்டு சாதனங்களுக்கு இடையே வரும் சிக்கல் ஒரு வகை. நெடுநாள் பழகிய இரண்டு சாதனங்கள் திடீரென்று ஒன்றையொன்று ஏற்க மறுப்பது இன்னொரு வகை. இணைந்த பிறகும் ஒலி வராமல் இருப்பதும், விட்டுவிட்டு ஒலிப்பதும், மைக்கைத் திறந்தவுடன் பாட்டின் தரம் பாழாவதும் இவை இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத வேறு விஷயங்கள். இவை அனைத்துக்கும் “ரீசெட் செய்யுங்கள்” என்று ஒரே பதிலைச் சொல்வதுதான் இந்த விஷயத்தில் பரவலாகக் கிடைக்கும் ஆலோசனைகளின் பெரிய குறை என்பது என் கருத்து. ரீசெட் பல நேரங்களில் பலிக்கும். ஆனால் ஏன் பலித்தது என்று தெரியாததால், அடுத்த வாரம் அதே கோளாறு வரும்போது மறுபடியும் ரீசெட்தான் செய்ய வேண்டியிருக்கும்.

பேரிங் என்பதும் இணைப்பு என்பதும் இரண்டு வேறு காரியங்கள் என்பதை மனத்தில் நிறுத்திக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இரண்டு சாதனங்கள் முதன்முதலில் சந்திக்கும்போது, தங்களுக்குள் 128 பிட் நீளமுள்ள ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி, ஒன்றின் முகவரியையும் அந்தச் சாவியையும் மற்றொன்று தன் நினைவகத்தில் எழுதி வைத்துக்கொள்கிறது. இதுதான் பேரிங், ஒரு முறை நடந்தால் போதும். அதன்பின் ஹெட்போனை இயக்கும்போதெல்லாம் நடப்பது, எழுதி வைத்த சாவி இரு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்துத் தொடர்பை ஏற்படுத்துவது மட்டுமே. 2007-இல் வந்த புளூடூத் 2.1-க்கு முன்பு, இந்தச் சாவியை உருவாக்க நாம் ஓர் எண்ணைத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. திரையோ விசைப்பலகையோ இல்லாத ஹெட்போன்களில் அந்த எண் பெரும்பாலும் 0000 என்றே நிலையாக இருந்தது. இன்றும் சில பழைய சாதனங்கள் எண் கேட்டு நின்றால், முதலில் முயன்று பார்க்க வேண்டியது அதைத்தான். புதிய சாதனங்கள் எண் எதுவும் கேட்காமல் தாமே சாவியை உருவாக்கிக்கொள்கின்றன.

சாவி இரண்டு இடங்களில் இருக்கிறது என்பதில்தான் பெரும்பாலான மர்மங்களின் விடை அடங்கியிருக்கிறது. ஒரு பக்கம் சாவி அழிந்தாலும் மறுபக்கத்துக்கு அது தெரியாது. ஹெட்போனை நீங்கள் ரீசெட் செய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதன் நினைவகம் காலியாகிவிட்டது. கைப்பேசியின் புளூடூத் பட்டியலிலோ அதன் பெயர் முன்போலவே நிற்கிறது. அந்தப் பெயரைத் தட்டினால், கைப்பேசி பழைய சாவியை நீட்டுகிறது. அப்படியொரு சாவி தன்னிடம் இல்லாததால் ஹெட்போன் மறுக்கிறது. திரையில் “இணைக்க முடியவில்லை” என்ற ஒற்றை வரி வந்து போகிறது. எத்தனை முறை தட்டினாலும் இதே கதைதான். கைப்பேசியின் பட்டியலில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரக் குறியையோ ‘ஐ’ குறியையோ தொட்டு, ‘ஃபர்கெட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, அங்கேயும் பழைய சாவியை அழித்த பிறகே புதிய பேரிங் நடக்கும். ஆகவே ரீசெட் என்பது எப்போதும் இரு பக்க வேலை. ஒரு பக்கம் மட்டும் செய்யப்படும் ரீசெட் சிக்கலைத் தீர்ப்பதற்குப் பதிலாகப் புதிதாக ஒன்றை உண்டாக்கி வைக்கிறது.

முதல் முறை பேரிங் செய்பவர்கள் தடுமாறும் இடம் வேறு. ஹெட்போனை இயக்குவது வேறு, அதைப் பேரிங் நிலைக்குக் கொண்டுவருவது வேறு. சாதாரணமாக இயக்கினால், அது ஏற்கெனவே தெரிந்த சாதனங்களைத்தான் தேடும். புதியவர்களின் கண்ணுக்குத் தென்படாது. பெட்டியிலிருந்து முதன்முதலாக எடுத்து இயக்கும்போது, நினைவகத்தில் யாரும் இல்லாததால், பல மாடல்கள் தாமாகவே பேரிங் நிலைக்குப் போய்விடுகின்றன. எந்தப் பட்டனையும் அழுத்தாமல் முதல் கைப்பேசியோடு எளிதாகச் சேர்ந்துவிட்ட அந்த அனுபவம்தான், இரண்டாவது சாதனத்தோடு சேர்க்கும்போது “பெயரே வரவில்லையே” என்று திகைக்க வைக்கிறது. இரண்டாவது சாதனத்துக்குப் பட்டனை அழுத்தித்தான் ஆக வேண்டும். காதை மூடும் ஹெட்போன்கள் பலவற்றில், அணைந்த நிலையிலிருந்து பவர் பட்டனை அழுத்தி, அது இயங்கிய பிறகும் கையை எடுக்காமல், விளக்கு வேகமாக மின்னும் வரை அல்லது ‘பேரிங்’ என்ற குரல் கேட்கும் வரை பிடித்திருக்க வேண்டும். விளக்கு எரிந்தவுடனேயே விரலை எடுத்துவிடுவதுதான் பெரும்பாலானோர் வழக்கம். இன்னும் சில விநாடிகள் பொறுத்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். சில மாடல்களில் இதற்கெனத் தனி புளூடூத் பட்டன் உண்டு. இயர்பட்ஸ்களில் சார்ஜ் பெட்டியின் மூடியைத் திறந்துவைத்துப் பெட்டியில் உள்ள பட்டனை அழுத்துவது வழக்கம், பட்டனே இல்லாத பெட்டி என்றால் இயர்பட்ஸ்களின் தொடுபரப்பை நீண்ட நேரம் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இவ்வளவு வேறுபாடு ஏன் என்று எனக்கு எரிச்சல் வருவதுண்டு. 1998-இல் எரிக்சன், ஐ.பி.எம்., இன்டெல், நோக்கியா, டோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் கூடி புளூடூத்துக்கான அமைப்பைத் தொடங்கியபோது, எந்த நிறுவனத்தின் சாதனமும் எந்த நிறுவனத்தின் சாதனத்தோடும் பேச முடிய வேண்டும் என்பதே நோக்கமாக இருந்தது. சாதனங்களுக்கு இடையிலான பேச்சு அப்படி ஒழுங்குபட்டுவிட்டது. மனிதர் அழுத்தும் பட்டனும் பார்க்கும் விளக்கும் அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டன. ஒரு மாடலில் நீல விளக்கு மெதுவாக மின்னினால் இணைந்திருக்கிறது என்று பொருள். இன்னொன்றில் அதுவே காத்திருக்கிறது என்று பொருள். ஆகவே பெட்டியோடு வரும் துண்டுத்தாளைத் தூக்கிப் போடுவதற்கு முன், அதில் விளக்குகளின் பொருள் அச்சிடப்பட்டிருக்கும் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

பேரிங் நிலை சில நிமிடங்களே நீடிக்கும் என்பதால், முதலில் கைப்பேசியில் புளூடூத் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, பிறகு ஹெட்போனின் பட்டனை அழுத்துவதே சரியான வரிசை. பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை, ஒன்றின் முன்னால் ‘எல்.இ.’ என்ற எழுத்துகளோடு, தோன்றினால் குழம்ப வேண்டாம். சில ஹெட்போன்கள் கைப்பேசியில் நிறுவப்படும் தம் செயலியோடு (ஆப்) பேசுவதற்காகக் குறைந்த மின்சக்தியில் இயங்கும் இன்னொரு புளூடூத் முகத்தையும் காட்டுகின்றன. பாட்டுக் கேட்பதற்குச் சேர்க்க வேண்டியது அந்த எழுத்துகள் இல்லாத பெயரை.

இனி, நேற்று வரை வேலை செய்த ஹெட்போன் இன்று கைப்பேசியோடு சேர மறுக்கும் வகை. இதில் நான் முதலில் சந்தேகப்படுவது கோளாறை அல்ல, மூன்றாவது சாதனத்தை. இயக்கியவுடன் ஹெட்போன் கடைசியாகத் தான் இணைந்திருந்த சாதனத்தைத் தேடிப் போகிறது. அடுத்த அறையில் மூடி வைக்கப்படாத மடிக்கணினியோ, பழைய டேப்லெட்டோ, குழந்தைகள் விளையாடும் கைப்பேசியோ அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால், உங்கள் கைப்பேசி எவ்வளவு அழைத்தாலும் பல மாடல்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. புளூடூத் சுவரைத் தாண்டிச் செல்லும் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். ஹெட்போன் “இணைந்துவிட்டது” என்று குரல் கொடுக்கிறது, ஆனால் கைப்பேசியில் ஒன்றும் காட்டவில்லை என்றால், அது வேறு எங்கோ இணைந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். சுற்றியுள்ள சாதனங்கள் எல்லாவற்றிலும் புளூடூத்தை அணைத்துவிட்டு, ஹெட்போனையும் ஒருமுறை அணைத்து இயக்கிப் பார்த்தால் உண்மை வெளிப்பட்டுவிடும்.

இந்தச் சோதனையில் ஐபோன் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கன்ட்ரோல் சென்டரில் உள்ள புளூடூத் குறியைத் தொடுவது அப்போதைக்குத் தொடர்பை மட்டுமே துண்டிக்கிறது. புளூடூத்தை முழுமையாக அணைப்பதில்லை, மறுநாள் காலை 5 மணிக்கு அது தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். உண்மையாகவே அணைக்க வேண்டுமென்றால் செட்டிங்ஸுக்குள் சென்றுதான் அணைக்க வேண்டும்.

ஒரே நேரத்தில் இரண்டு சாதனங்களோடு இணைந்திருக்கும் ‘மல்டிபாயின்ட்’ வசதி உள்ள ஹெட்போன்களில் இந்தப் போட்டி வேறு வடிவம் எடுக்கிறது. மடிக்கணினியில் இணையவழிக் கூட்டத்தில் இருக்கும்போது கைப்பேசி அழைப்பையும் அதே ஹெட்போனில் எடுக்கலாம் என்பது உண்மையிலேயே பயனுள்ள வசதிதான். ஆனால் கைப்பேசியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது மடிக்கணினியில் மின்னஞ்சல் வந்ததற்கான சிறு மணியோசை எழுந்தால்கூட, பாட்டு நின்று அந்த ஓசைக்கு வழிவிடும் மாடல்கள் உண்டு. பாட்டு காரணமின்றி நின்று நின்று ஓடுகிறது என்று புகார் சொல்லப்படும் ஹெட்போன்களில் சில, இப்படி மணியோசைகளுக்கு வழிவிட்டுக்கொண்டிருப்பவையே. சில மாடல்களில் மல்டிபாயின்ட்டை இயக்கினால் உயர்தரக் கோடெக்குகள் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகள்) தாமாகவே விலகிக்கொள்கின்றன. ஹெட்போனின் செயலியில் மல்டிபாயின்ட்டுக்கான விருப்பம் இருக்கும். கோளாறைத் தேடும் வரையிலாவது அதை அணைத்து வைப்பது நல்லது. இன்னொன்று, ஹெட்போனின் நினைவகம் அளவானது. அதில் இடம் நிறைந்தபின் புதிதாக ஒன்றைச் சேர்த்தால், பழையது ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் வெளியேற்றப்படும். நெடுநாள் பயன்படுத்தாத ஒரு சாதனம் திடீரென்று இணைய மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே பழைய பெயரை அழித்துவிட்டு மறுபடி பேரிங் செய்தால் போதும்.

சாவி விவகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு என் மடிக்கணினியே சாட்சி. அதில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் இருக்கின்றன. விண்டோஸில் பேரிங் செய்த ஹெட்போன், லினக்ஸுக்கு வந்தால் தெரியாது என்றது. சரி, இங்கும் பேரிங் செய்வோம் என்று செய்தால், அடுத்த முறை விண்டோஸ் மறுத்தது. இப்படியே மாறி மாறி ஆடிக்கொண்டிருந்தது. காரணம் மிக எளிது. இரண்டு இயங்குதளங்களும் பயன்படுத்துவது ஒரே புளூடூத் சில்லு, ஆகவே ஹெட்போனின் பார்வையில் இரண்டுக்கும் ஒரே முகவரி. ஒரு முகவரிக்கு ஒரு சாவிதான் அதன் நினைவகத்தில் இருக்க முடியும். லினக்ஸில் பேரிங் செய்தவுடன் விண்டோஸின் சாவி இருந்த இடத்தில் புதிய சாவி எழுதப்பட்டுவிடுகிறது. தீர்வு, இரண்டு இயங்குதளங்களிலும் ஒரே சாவியை வைப்பது. முதலில் லினக்ஸிலும், அடுத்து விண்டோஸிலும் பேரிங் செய்துவிட்டு, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் புளூடூத் சாவிகள் இருக்கும் பகுதியிலிருந்து அந்த ஹெட்போனின் முகவரிக்கு நேரே உள்ள சாவியை எடுத்து, லினக்ஸில் அதே முகவரியின் பெயரில் உள்ள கோப்புறைக்குள் இருக்கும் ‘இன்ஃபோ’ கோப்பில் பழைய சாவி இருக்கும் வரியில் ஒட்டி, புளூடூத் சேவையை மறுபடி தொடங்க வேண்டும். ரெஜிஸ்ட்ரியின் அந்தப் பகுதி நிர்வாகிக்கும் எளிதில் திறக்காது, ‘சிஸ்டம்’ என்ற உரிமையோடு திறந்தால்தான் சாவி தெரியும். ஒரு முறை இதைச் செய்துவிட்டால், எந்த இயங்குதளத்தில் நுழைந்தாலும் ஹெட்போன் தானாக வந்து சேர்ந்துகொள்கிறது. லினக்ஸில் தானாக இணையாமல், ஒவ்வொரு முறையும் கையால் இணைக்க வேண்டியிருக்கிறது என்றால், ‘புளூடூத்சிடிஎல்’ கட்டளையில் பேரிங் செய்த பிறகு ‘டிரஸ்ட்’ என்பதையும் கொடுத்தோமா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது, இணைந்துவிட்டது என்று திரை சொல்கிறது, ஆனால் ஒலி வரவில்லை என்ற வகை. இங்கே பேரிங்கைத் தொடவே வேண்டாம். அது சரியாகவே இருக்கிறது. ஒலி எந்த வழியில் போகிறது என்பதுதான் கேள்வி. விண்டோஸில் கீழ்ப்பட்டையில் உள்ள ஒலிபெருக்கிக் குறியைத் தொட்டு, வெளியீடாக ஹெட்போன் தேர்வாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூட்டச் செயலிகள் தமக்கெனத் தனியாக ஒரு தேர்வை வைத்திருக்கும். கணினியில் மாற்றினாலும் அவை பழைய ஒலிபெருக்கியையே பிடித்துக்கொண்டிருக்கலாம். ஆண்ட்ராய்டில் ஹெட்போன் பெயருக்கு அருகிலுள்ள பல்சக்கரத்தைத் தொட்டால், அழைப்புகளுக்கும் மீடியா ஒலிக்கும் தனித்தனி விசைகள் இருப்பதைக் காணலாம். அழைப்பு மட்டும் வருகிறது, பாட்டு வரவில்லை என்றால் இரண்டாவது விசை அணைந்திருக்கிறது. ஒலி மிகவும் தாழ்ந்து கேட்டால், ஹெட்போனின் ஒலியளவும் கைப்பேசியின் ஒலியளவும் தனித்தனியாக இயங்குகின்றனவா என்று பார்த்து இரண்டையும் உயர்த்த வேண்டும்.

என்னிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்விக்கு வருகிறேன்: “பாட்டுக் கேட்கும்போது அருமையாக இருக்கிறது, கணினியில் கூட்டத்துக்குள் நுழைந்தவுடன் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கிறது, ஹெட்போன் பழுதா?” பழுதே இல்லை. புளூடூத்தில் பாட்டுக்கென்று ஒரு வழியும் பேச்சுக்கென்று ஒரு வழியும் தனித்தனியே வகுக்கப்பட்டிருக்கின்றன. பாட்டு செல்லும் ஏ2டி.பி. என்ற வழி ஒருதிசைப் பாதை. கைப்பேசியிலிருந்து ஹெட்போனுக்கு மட்டுமே ஒலி போகும். திரும்பி வருவதற்கு இடம் இல்லாததால், அந்த முழு அகலத்தையும் தரத்துக்குப் பயன்படுத்த முடிகிறது. அடிப்படைக் கோடெக்கான எஸ்.பி.சி.கூட விநாடிக்கு ஏறத்தாழ 328 கிலோபிட் வரை, இரு காதுகளுக்கும் தனித்தனி ஒலியாக அனுப்பும். மைக் தேவைப்பட்டவுடன் ஹெட்போன் எச்.எஃப்.பி. என்ற இருதிசை வழிக்கு மாறுகிறது. தொலைபேசிப் பேச்சுக்காக வகுக்கப்பட்ட அந்த வழியில் ஒலி விநாடிக்கு 8,000 முறை மட்டுமே அளவெடுக்கப்படுகிறது. மேம்பட்ட சாதனங்கள் என்றால் 16,000 முறை. குறுந்தகட்டின் தரம் 44,100 என்பதை நினைத்துப் பார்த்தால் வீழ்ச்சி எவ்வளவு என்று புரியும். 8,000 முறை அளவெடுத்தால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி எதுவும் செல்ல முடியாது. சிம்பலின் கூர்மையும் வயலினின் மினுக்கமும் அதற்கு மேலேதான் இருக்கின்றன. போதாக்குறைக்கு இரு காதுகளுக்கும் ஒரே ஒலி.

இதற்கான வழி மிக எளிது, ஆனால் பலர் செய்வதில்லை. கூட்டச் செயலியில் ஒலி வெளியீடாக ஹெட்போனையும், மைக்காக மடிக்கணினியில் உள்ளமைந்த மைக்கையும் தேர்ந்தெடுத்தால், ஹெட்போனின் மைக்கை யாரும் திறக்காததால் அது பாட்டு வழியிலேயே நிற்கும். விண்டோஸ் 10-இல் ஒரே ஹெட்போன் ‘ஸ்டீரியோ’, ‘ஹேண்ட்ஸ்-ஃப்ரீ’ என்று இரண்டு பெயர்களில் காட்டப்படும். கேட்பதற்கு முதலாவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூட்டம் எதுவும் நடக்காதபோதும் தரம் தாழ்ந்தே இருக்கிறது என்றால், ஏதோ ஒரு செயலி பின்னணியில் மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். மைக் பயன்பாட்டில் இருந்தால் விண்டோஸின் கீழ்ப்பட்டையில் மைக் குறி தோன்றும், மேக் கணினியில் ஆரஞ்சு நிறப் புள்ளி தோன்றும்; விளையாட்டுகளின் குரல் அரட்டையும், மூடாமல் விட்ட உலாவித் தாவலும்தான் வழக்கமான ஆசாமிகள். இந்த இரட்டை வழிப் பிரச்சினையை அடியோடு தீர்ப்பதற்காகவே 2020-இல் எல்.இ. ஆடியோ என்ற புதிய முறையும் எல்.சி.3 என்ற கோடெக்கும் அறிவிக்கப்பட்டன. ஹெட்போன், கணினி இரண்டும் அதை ஆதரித்தால்தான் பயன் கிடைக்கும். பெட்டியில் புளூடூத் 5.2 அல்லது 5.3 என்று அச்சிட்டிருப்பதாலேயே எல்.இ. ஆடியோ இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது; அந்தப் பதிப்புகளில் அது கட்டாயம் அல்ல. வாங்கும்போது பதிப்பு எண்ணைப் பார்ப்பதைவிட, எல்.இ. ஆடியோ என்ற பெயர் தெளிவாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதே மேல்.

ஒலி விட்டுவிட்டு வருவது முற்றிலும் வேறு கதை. அது காற்றில் நடக்கிறது. புளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் வைஃபையின் ஒரு பகுதியும், வயரில்லா மவுஸ்களும், மைக்ரோவேவ் அடுப்பும் இயங்குகின்றன. இந்த நெரிசலில் பிழைப்பதற்காக, பாட்டு அனுப்பும் புளூடூத் 79 தடங்களுக்கு நடுவே விநாடிக்கு 1,600 முறை வரை தாவிக்கொண்டே இருக்கிறது; நெரிசலான தடங்களைக் கண்டறிந்து ஒதுக்கும் திறமையும் 2003-இல் வந்த 1.2 பதிப்பிலிருந்து அதற்கு உண்டு. ஆகவே சாதாரண நெரிசலை அது தானே சமாளித்துவிடும். சமாளிக்க முடியாமல் திணறும் இடங்களைத்தான் நாம் தேட வேண்டும்.

அவற்றில் முதலாவது நம் உடம்பு. உடலில் நிறைந்திருக்கும் நீர் இந்த அலைகளை நன்றாக உறிஞ்சும். கைப்பேசி பின்பக்கப் பையில் இருந்து, ஆன்டெனா உள்ள இயர்பட் எதிர்ப்பக்கக் காதில் இருந்தால், இடையில் முழு உடம்பும் தடுப்பாக நிற்கிறது. அறைக்குள் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகளின் தயவால் இது தெரிவதில்லை. திறந்த வெளியில் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் ஒலி அறுபடுகிறது. கைப்பேசியை மார்புக்கு நேராகக் கையில் பிடித்துப் பாருங்கள். அறுபடுவது நின்றுவிட்டால் ஹெட்போனில் குறை ஒன்றும் இல்லை, பையை மாற்றினால் போதும்.

மேசைக் கணினியில் இரண்டாவது சந்தேகநபர் யு.எஸ்.பி. 3 இணைப்பு. அதில் செருகிய வன்தட்டும் அதன் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கசியவிடுகின்றன என்பதை இன்டெல் நிறுவனம் 2012-லேயே ஓர் ஆய்வுக் குறிப்பாக வெளியிட்டது. வன்தட்டுக்கு ஒட்டினாற்போல், கணினிக்குப் புளூடூத் வசதி தரும் சிறு செருகியான டாங்கிளைச் செருகியிருந்தால், கோப்புகளை நகலெடுக்கும்போதெல்லாம் பாட்டு கரகரக்கும். ஒரு சிறு யு.எஸ்.பி. நீட்டிப்புக் கேபிளில் டாங்கிளைத் தள்ளி வைத்தால் வித்தியாசம் உடனே காதில் விழும். மடிக்கணினிகளில் வைஃபையும் புளூடூத்தும் பெரும்பாலும் ஒரே சில்லில் இருப்பதால், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் பெரிய கோப்பு இறங்கும்போது ஒலி தடுமாறலாம். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் புளூடூத்துக்கு இடம் கிடைத்துவிடும்.

கோடெக்கையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். எல்டாக் கோடெக் விநாடிக்கு 990, 660, 330 கிலோபிட் என்று மூன்று வேகங்களில் இயங்கும். 990-இல் நிலையாகப் பூட்டி வைத்துவிட்டு நெரிசலான இடத்தில் நடந்தால் ஒலி அறுபடுவதில் வியப்பில்லை. ஹெட்போன் செயலியில் ‘இணைப்பின் நிலைத்தன்மைக்கு முன்னுரிமை’ என்ற பொருளில் ஒரு விருப்பம் இருந்தால் வெளியில் போகும்போது அதைத் தேர்ந்தெடுக்கலாம். அமைதியான அறையில் உட்கார்ந்து கேட்பவருக்கு உயர்வேகம் பொருத்தம். நடையின்போதும் பயணத்தின்போதும் அறுபடாத சாதாரண ஏ.ஏ.சி. கோடெக்கின் ஒலியே எனக்குப் பிடித்தமானது. வாகன இரைச்சலுக்கு நடுவே இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கும் காது எனக்கு இல்லை, பலருக்கும் இருக்காது என்றே நினைக்கிறேன்.

உதட்டசைவுக்கும் ஒலிக்கும் இடையே வரும் தாமதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரிப்பதற்கு 100 முதல் 200 மில்லிவிநாடி, சில சமயம் அதற்கு மேலும் ஆகிறது. வீடியோ செயலிகள் பல, படத்தையும் அதே அளவு தாமதித்து ஈடுகட்டிவிடுகின்றன. நம் விரலசைவுக்குப் பதில் சொல்ல வேண்டிய விளையாட்டுகளால் அப்படிச் செய்ய முடியாது. தாமதத்தைக் குறைக்கும் ‘கேம் மோட்’ ஹெட்போனில் இருந்தால் இயக்கிப் பார்க்கலாம். இசைக்கருவி வாசித்துப் பதிவு செய்பவர்கள் வயர் ஹெட்போனையே பயன்படுத்துவது நல்லது.

இயர்பட்ஸில் ஒரு காது மட்டும் வேலை செய்யாமல் போவதற்கு, பேரிங்கைவிட அழுக்கே அடிக்கடி காரணமாகிறது. பெட்டிக்குள் அமரும் இடத்தில் உள்ள சிறு உலோக முனைகளில் வியர்வையும் காதழுக்கும் படிந்தால், அந்த ஒன்று மட்டும் சார்ஜ் ஏறாமல் கிடக்கும். அல்லது பெட்டிக்குள் இருப்பதே தெரியாமல் உள்ளேயே இயங்கிக்கொண்டிருந்து சார்ஜைத் தீர்த்துவிடும். பெட்டியில் வைத்தவுடன் அதன் விளக்கு எரிகிறதா, கைப்பேசியில் இரண்டின் சார்ஜ் அளவும் தனித்தனியே காட்டப்படுகிறதா என்று பாருங்கள். உலர்ந்த பஞ்சுக்குச்சியால் முனைகளைத் துடைத்து, இரண்டையும் பெட்டியில் வைத்து மூடி, சற்று நேரம் கழித்து எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டு இயர்பட்ஸ்களும் தங்களுக்குள் இணைப்பை இழந்துவிட்டால், கைப்பேசிப் பட்டியலில் இடமும் வலமும் தனித்தனிச் சாதனங்களாகத் தோன்றும். அப்போதுதான் ரீசெட் தேவை: முதலில் எல்லாக் கைப்பேசிகளிலும் அவற்றின் பெயரை அழிக்க வேண்டும், பிறகு இரண்டையும் ஒன்றாகப் பெட்டியில் வைத்த நிலையில் ரீசெட் செய்ய வேண்டும். பெட்டியின் பின்புறம் பட்டன் உள்ள ஏர்பாட்ஸ் என்றால், மூடியைத் திறந்து வைத்து, விளக்கு ஆரஞ்சாக மின்னி வெள்ளையாக மாறும் வரை சுமார் 15 விநாடிகள் அந்தப் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

டி.வி.யின் ஒலியை ஹெட்போனுக்கு அனுப்பும் சிறு டிரான்ஸ்மிட்டர்களில் இன்னொரு தொல்லை உண்டு: அதற்கும் திரை இல்லை, ஹெட்போனுக்கும் திரை இல்லை, ஆகவே எது எதைத் தேடுகிறது என்று பார்க்கவே வழியில்லை. அருகிலுள்ள கைப்பேசிகளில் புளூடூத்தை அணைத்துவிட்டு, இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் பேரிங் நிலைக்குக் கொண்டுவந்து காத்திருக்க வேண்டும். அனுப்பவும் பெறவும் பயன்படும் இருவழிச் சாதனமாக இருந்தால், அதன் பக்கவாட்டுச் சுவிட்ச் அனுப்பும் பக்கம் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேலே சொன்ன எதுவும் பலிக்காதபோது ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் நெட்வொர்க் அமைப்புகளை ரீசெட் செய்யும் வழி இருக்கிறது. வைஃபை கடவுச்சொற்களும் அதோடு போய்விடும் என்பதால், அதைத் தொடுவதற்கு முன் ஹெட்போனை வேறொரு கைப்பேசியில் சேர்த்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். அங்கே ஒழுங்காக வேலை செய்தால் சிக்கல் உங்கள் கைப்பேசியில் இருக்கிறது, ரீசெட்டுக்கு அர்த்தம் உண்டு. விண்டோஸ் கணினி என்றால் டிவைஸ் மேனேஜரில் புளூடூத் சில்லின் பண்புகளைத் திறந்து, மின்சக்தியைச் சேமிக்க அதை அணைக்கலாம் என்ற அனுமதியை நீக்கிப் பாருங்கள். சற்று நேரம் ஒலி இல்லாமல் இருந்தால் இணைப்பு அறுந்துபோகும் கோளாறு பல கணினிகளில் இதனால் தீர்கிறது. இரண்டாவது கைப்பேசியிலும் அதே கோளாறு அப்படியே வந்தால், முழுமையாகச் சார்ஜ் ஏற்றி, சார்ஜர் கேபிளைக் கழற்றிவிட்டு ஒருமுறை முயலுங்கள். சார்ஜ் ஏறும்போது இணையவே மறுக்கும் மாடல்கள் இருக்கின்றன. அதன் செயலியில் மென்பொருள் புதுப்பிப்பு ஏதேனும் காத்திருந்தால் அதையும் முடித்துவிடுங்கள். அதன் பின்னும் இரண்டு கைப்பேசிகளிலும் இணையவில்லை என்றால், ரசீதைத் தேடி எடுத்துக்கொண்டு உத்தரவாதக் காலம் முடிவதற்குள் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோவதுதான் மிச்சம்.